அம்மா பேசின ரீல்

1977 பிப்ரவரி 4, வெள்ளி

பனி. கடற்கரையில் எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. காலேஜ் டேப் ரிக்கார்டரை நேற்றே கையெழுத்துப் போட்டு எடுத்து வந்தாச்சு. கொண்டுபோனவை: மெஷின், பேட்டரி, மைக், ரீல் ஒன்று, காற்று இரையாமல் மைக்கில் சுற்ற அப்பாவின் பழைய கைக்குட்டை.

அம்மா மீன் கூடையை இறக்காமலேயே பேசினாள். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத நாளின் கதை. அப்போது நான் கைக்குழந்தை. இத்தனை வருஷத்தில் என்னிடம் சொன்னதில்லை, மைக்கிடம் சொன்னாள்.

"எல்லார் கட்டுமரமும் வந்துச்சு. உங்க நைனா மரம் வரல. கூடைல மத்தவங்க மீனு கீது. வெயில் ஏறுனா நாறிடும். இன்னா பண்றது? தூக்கினு போனேன். சங்கரா மீனு, சங்கரா மீனுன்னு கூவிக்கினே போனேன். கச்சேரி ரோட்டாண்ட வந்தப்புறந்தான் அழுவ வந்துச்சு… போதுமா பாப்பா? நேரமாச்சு, நான் கெளம்புறேன்."

பழைய ரீல். அம்மா முடித்ததும் யாரோ ஒரு பாஸ்டரின் பிரசங்கம், பாதியிலிருந்து. எங்கள் டிபார்ட்மெண்டில் எல்லா ரீலும் இப்படித்தான். ஒன்றின் மேல் ஒன்று.

சாயங்காலம் தெருக்குழாயடியில் அம்மா: "எங்கொரல காலேஜ்ல போடப்போறாங்க. பெரிய பொட்டில." தெரு முழுக்கச் சொல்லியாச்சு.

பிப். 7, திங்கள்

வெயில். தலைவலி.

ரேடியோ வகுப்பு ஜெயசீலன் சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சந்தோஷப்பட்டேன், முட்டாள்.

"விஷயம் பிரமாதம்மா. சனிக்கிழமை கண்காட்சில இதைத்தான் முதல்ல போடறோம். பாஷைதான் உதைக்குது. பிஷப் வர்றார், ரேடியோக்காரங்க வர்றாங்க. நல்ல தமிழ்ல எழுதி யாரையாவது பேச வெச்சிடலாம்."

"அது எங்கம்மா சார்."

"அதனாலதான் சொல்றேன். அவங்க பேச்சைக் கேட்டு யாரும் சிரிச்சிடக் கூடாது பாரு."

என்ன கரிசனம்! 'மக்களின் குரல்' என்று ஒரு பாடமே நடத்துகிறார். அதில் நான்தான் முதல் மார்க். பஸ்ஸில் லஸ் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டதற்கு அவர் மேல் எரிந்து விழுந்தேன். பாவம்.

பிப். 9, புதன்

பஸ் லேட். ஸ்டுடியோ வாசலில் சிவப்பு விளக்கு. உள்ளே ஹேமா, என் வகுப்பு, மயிலாப்பூர்க்காரி. கையில் பேப்பர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மெஷினருகில் சார். ஸ்பீக்கரில் அவள் குரல்:

"என் கணவர் சென்ற கட்டுமரம் மட்டும் கரை திரும்பவில்லை. ஆயினும் என் கடமையைச் செய்யப் புறப்பட்டேன்."

கடமையாம்! மீன் நாறிடும்னு போனாள் ஐயா என் அம்மா.

சுற்றிக்கொண்டிருந்த ரீலைப் பார்த்தேன். நடுவில் ஒட்டிய சீட்டில் என் கையெழுத்து. என் ரீல்.

"சார், அம்மா பேசினது?"

"அதான் எழுதி வெச்சுக்கிட்டோமே. புது ரீலுக்கு எங்கேம்மா போறது?"

அழவில்லை. கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது எழுத முடியாது, அப்படியே அம்மா பாஷை. வெளியே போகச் சொன்னார்.

ஹேமா பின்னாலேயே ஓடி வந்தாள். "நேக்குத் தெரியாதுடி ஸ்டெல்லா, சத்தியமா. எங்காத்துல பேசற மாதிரி மைக்ல பேசினா நேக்கும் திட்டுதான் விழறது." அவள் மேல் கோபப்படவும் வழியில்லை. அதுவும் எரிச்சல்.

அப்படியானால் அந்த நல்ல தமிழை யார் வீட்டில்தான் பேசுகிறார்கள்?

பிப். 11, வெள்ளி

சோப்பு, புளி வாங்க வேண்டும். செருப்பு தைக்க.

அம்மா ஈஸ்டர் புடவையைத் துவைத்துப் போட்டிருக்கிறாள். கையில் மீன் வாடை போக எலுமிச்சம்பழத் தோல் தேய்க்கிறாள். இன்றைக்குச் சொல்லிவிட நினைத்தேன். "பிசப்பு சாமி கேப்பாரா எங்கொரல?" என்றாள். சொல்லவில்லை.

ஜெயசீலன் சார் நாசமாய்ப் போக.

பிப். 12, சனி

புழுக்கம். ஹாலில் ஃபேன் இரண்டுதான் ஓடியது, இரண்டும் மேடைக்கு.

அம்மா மூன்றாவது வரிசை, என் பக்கத்தில். ஜெபம். வரவேற்பு. பிறகு "ஒரு மீனவப் பெண்ணின் கதை." பெட்டியிலிருந்து ஹேமா. பிஷப் தலையை ஆட்டினார். கைதட்டல். அம்மாவும் தட்டினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதில்:

"பாவம், சின்னப் பொண்ணு. அதும் புருசனும் கடல்லயே பூட்டாரா? என்னாட்டமே கீது பாரு." கொஞ்சம் பொறுத்து, "நம்மளுது எப்போ போடுவாங்க?"

"கடைசில" என்றேன்.

நாடகம் போட்டார்கள். காமிராவும் டி.வி. பெட்டியும் காட்டினார்கள். நன்றியுரை. எல்லாரும் எழுந்தார்கள், அம்மா எழுந்திருக்கவில்லை. நாற்காலி மடக்க ஆள் வந்தும் எழுந்திருக்கவில்லை.

சார் பிஷப்புடன் டீக்குப் போயிருந்தார். மேடைக்குப் போய் ரீலை மாட்டினேன். ஹேமா முடிந்த இடத்தைத் தாண்டி ஓடவிட்டேன். நல்ல தமிழ் சீக்கிரம் முடிந்துவிடும் போல. அதன் பின்னால், அழியாமல்:

"போதுமா பாப்பா? நேரமாச்சு, நான் கெளம்புறேன்."

உடனே பாஸ்டர். நிறுத்தினேன்.

அம்மா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னை.

"இம்மாந்தானா?"