ஒன்றரைச் சம்பளத்தில் அரை

லைமா, ஒஹாயோ
பிப்ரவரி 8, 2026

அன்புள்ள டார்லீன்,

நலம். நீயும் டொலீடோவில் உன் அக்கா வீட்டில் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். போன் செய்தால் எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். பனியை அள்ளி அள்ளி எனக்கு இடுப்பு போய்விட்டது. நாய் உன் நாற்காலியை விட்டு இறங்க மறுக்கிறது.

விஷயம் வருமான வரி. இந்த முறை ஓவர்டைமுக்குக் கழிவு உண்டாம். ஒன்றரை மடங்கு சம்பளம் தருகிறார்களே, அதில் கூடுதலான அந்த அரையைக் கழித்துக்கொண்டு மீதிக்கு வரி கட்டினால் போதும். போன வருஷம் முழுக்க அட்டைப்பெட்டி ஆலையிலேயே குடியிருந்தவன் நான், எனக்கு நன்றாகவே மிஞ்சும். ஆனால் கல்யாணமானவர்கள் சேர்ந்து கணக்குக் கொடுத்தால்தான் கழிவு. தனித்தனியாகக் கொடுத்தால் ஒரு காசு கிடையாது. உன் கையெழுத்து வேண்டும், படிவம் இத்துடன் இருக்கிறது.

நூலகத்தில் இலவசமாக வரிக்கணக்கு எழுதித் தரும் மிஸஸ் ஹாலர் என் ஓவர்டைமைப் பார்த்துவிட்டு, "படுபாவிங்க, மனுசன இப்படியா போட்டுப் பிழிவாங்க!" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னை எவன் பிழியறது? என் சீனியாரிட்டிக்கு என்மேல யாரும் கை வைக்க முடியாது. கட்டாயம்லாம் புதுசா வந்தவங்களுக்குத்தான். நான் கடிகாரத்துக்குப் பக்கத்துல தொங்கற ஓவர்டைம் தாள்ல நானா பேரெழுதிட்டுப் போறவன்" என்றேன். அந்த அம்மா அடுத்த தாளைப் புரட்டினார்.

டார்லீன், பணத்துக்காக மட்டும் எழுதவில்லை. ஒரே கணக்கில் நாம் இரண்டு பேரும் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. நீ திரும்பி வந்தால் இன்னும் பிடிக்கும்.

உன்
லாயிட்

டொலீடோ
பிப்ரவரி 15

லாயிட்,

படிவம் வந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும்.

சனிக்கிழமை தவறாமல், "கட்டாய ஓவர்டைம், மாட்டேன்னா வேலை போயிடும்" என்றுதானே சொல்லிவிட்டுப் போவாய்? நானும் நம்பி சாண்ட்விச் கட்டிக் கொடுத்தேன். ஆலை பிக்னிக்கில் உன் ஃபோர்மேனிடம், "எம் புருஷனைக் கொஞ்சம் வீட்டுக்கு விட்டாத்தான் என்ன?" என்று சண்டைக்கே போனேன். அந்த ஆள் உன்னைப் பார்த்து, "என்னப்பா லாயிட், விட்டுரட்டுமா?" என்றான். கூட்டமே சிரித்தது. நீயும் சிரித்தாய். ஆண்கள் ஏதோ கேலி பேசிக்கொள்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

போன ஏப்ரலில் என் பித்தப்பை ஆபரேஷன் அன்றும் கட்டாயம் என்றாய். அன்று அந்தத் தாளில் உன் பேரை எழுதியது யார்?

டார்லீன்

லைமா
பிப்ரவரி 22

அன்புள்ள டார்லீன்,

நான்தான்.

எவ்வளவு யோசித்தும் வேறு பதில் வரவில்லை. நம் பெண் கிறிஸ்டா கல்யாணமாகிப் போனபின் சாப்பாட்டு மேசையில் நாம் இரண்டு பேர் மட்டும். உன்னிடம் என்ன பேசுவதென்றே எனக்குத் தெரியவில்லை. ஆலையில் இயந்திரம் போடும் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. ஆபரேஷன் அன்று விஷயம் வேறு. உன்னைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோவதைப் பார்க்கப் பயம். சொல்ல வெட்கம். கட்டாயம் என்றால் நீ மேலே கேட்கமாட்டாய்.

இனி அந்தத் தாள் பக்கமே போகமாட்டேன். நேற்று சனிக்கிழமை வீட்டில்தான் இருந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல், பெருக்கிய கராஜையே மறுபடி பெருக்கினேன். திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் வந்துவிடு.

உன்
லாயிட்

டொலீடோ
மார்ச் 5

அன்புள்ள லாயிட்,

கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். உழைத்தது நீ. அதற்குரிய கழிவை நான் கெடுக்கமாட்டேன்.

பயம் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால், வேலைக்குப் போ என்று நானே உன்னை அனுப்பிவிட்டு அக்காவைக் கூப்பிட்டிருப்பேன். உன்மேல் பெரிய கோபம்கூட இல்லை. உனக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த சனிக்கிழமைகளை நினைத்தால்தான் அவமானமாக இருக்கிறது. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பொம்பளை எவகிட்டயாவது போயிருந்தாக்கூடப் புரியும்டி, அட்டைப்பெட்டிகிட்டயா போனான்?" என்றாள். ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன்.

வக்கீலைப் பார்த்துவிட்டேன். கோடைக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்கிறார். அடுத்த வருஷம் கழிவு போய்விடுமோ என்று கவலைப்படாதே. தனி ஆளாக இருப்பவருக்கு யார் கையெழுத்தும் இல்லாமலே கொடுக்கிறார்களாம். உனக்காகக் கேட்டு வைத்தேன்.

டார்லீன்