எழுந்திரு, அண்ணா

அண்ணா,

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளிக்கூட மைதானத்தில் டிரில் மாஸ்டர் காலையிலிருந்து விசில் ஊதிக்கொண்டே இருக்கிறார். எனக்கு வயிறு எரிகிறது. இத்தனை வருஷம் ஆகியும் இந்தப் பாழாய்ப்போன சத்தத்தை என்னால் சகிக்க முடியவில்லை.

நீ விடுதலையான அன்று உன்னை அழைத்துக்கொண்டு குரோம்பேட்டை ஸ்டேஷனில் இறங்கினேன். எழுபதுகளின் தொடக்கம் அது. கார்டு விசில் ஊதினார். பேசிக்கொண்டே வந்தவனைக் காணோமே என்று திரும்பினால், பிளாட்பாரத்தில் குத்துக்காலிட்டுத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாய். பூக்காரி வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு மானமே போயிற்று.

"எழுந்திருண்ணா, எல்லாரும் பாக்கறாங்க!" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"உள்ள விசில் அடிச்சா தலை எண்றதுக்கு உக்காரணும்மா. இல்லேன்னா லத்தியால முட்டியிலயே போடுவான்," என்றாய். "மறந்துடும், விடு."

மறந்தால்தானே!

ஒரு சண்டையில் நீ ஓங்கிய கட்டைக்கு ஒரு உயிர் போனது. தண்டனையை நான் குறை சொல்லவில்லை. அந்தக் கோபம் உன்மேல் தனியாக இருக்கிறது. ஆனால் ஜெயிலில் தறி நெய்யக் கற்றுக்கொடுத்து, திருந்திவிட்டான் என்று சர்டிபிகேட்டும் கொடுத்து அனுப்பினார்களே, வெளியே யாரய்யா வேலை கொடுத்தது? குன்றத்தூரில் தறி வைத்திருந்தவர், "எங்க கத்துக்கினே?" என்றார். உனக்கு மறைக்கத் தெரியவில்லை. "ஜெயில்ல," என்றாய். "அப்பால சொல்லி அனுப்பறேன்," என்றவர் அனுப்பவே இல்லை.

எதுவும் கேட்காமல் உன்னைச் சேர்த்துக்கொண்டது பல்லாவரம் பக்கத்துக் கல்குவாரி ஒன்றுதான். அங்கே பாறைக்கு வெடி வைக்கும் முன் விசில் ஊதுவார்கள். உடனே எல்லாரும் ஓடி ஒதுங்க வேண்டும். நீயும் தினமும் மற்றவர்களோடு ஓடிக்கொண்டுதான் இருந்தாயாம். அன்றைக்கு என்ன நினைப்பில் இருந்தாயோ!

"அண்ணன் குந்திகினாரும்மா. ஏந்திரிண்ணா, ஓடியாண்ணான்னு கத்தினோம். தலையத் தூக்கவே இல்ல," என்று உன்னோடு கல் உடைத்தவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

காரியம் முடிந்த பிறகு ஜெயில் அதிகாரி ஒருவர் துக்கம் விசாரிக்க வந்தார். நல்ல மனிதர்தான். அதனாலேயே எனக்கு இன்னும் ஆத்திரம்.

"ரொம்ப ஒழுங்கான கைதிம்மா. ஒரே விசில்தான், டக்குனு உக்காந்துடுவாரு," என்றார். ஏதோ பிள்ளை பாஸான மாதிரி முகத்தில் அவ்வளவு பெருமை.

"எழுந்து ஓட யாராவது சொல்லிக் குடுத்தீங்களா சார்?" என்று கேட்டேன்.

காபியைக் குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

இன்றைக்கும் விசில் கேட்டால் நான் எழுந்து நின்றுவிடுகிறேன், அண்ணா. காய் நறுக்கிக்கொண்டிருந்தாலும் சரி, சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி. "முட்டி வலின்னுட்டு எதுக்கு அத்தை சும்மா சும்மா எழுந்துக்கறீங்க?" என்று மருமகள் சலித்துக்கொள்கிறாள். அவளுக்கு நான் எதுவும் சொன்னதில்லை.

இதோ, மறுபடியும் ஊதுகிறார். பேனாவை வைத்துவிட்டு எழுந்திருக்கிறேன்.