ஆடியில் நெய் இல்லை

மச்சாள்,

நேற்றுக் கண்ணாடி மாற்ற யாழ்ப்பாணம் போயிருந்தேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் சோடா குடிக்க ஒதுங்கியபோது, அடுக்குத் தட்டில் எனக்கு நேரே அது இருந்தது. ‘நெடுந்தீவு நெய்’ என்று பெரிய எழுத்தில் போட்ட போத்தல். எழுத்துக்குக் கீழே எங்கள் வெளியில் திரிகிற குதிரை ஒன்றின் படம். புதுக் கண்ணாடி போட்டிருந்ததால் பிடரி மயிர்கூடத் துலக்கமாகத் தெரிந்தது. ஒன்றை வாங்கி அங்கேயே மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். மஞ்சள் நிறம் நன்றாக இருந்தது. மணம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

இந்தப் போத்தலை முதன்முதல் கண்ட அன்று நீர் கேட்டது ஞாபகம் வந்து, கடைக்குள் நின்றபடியே சிரித்துவிட்டேன். “குதிரையே மச்சாள் நெய் தருது?”

சிரிப்பு அடங்கிய கையோடு கோபம் வந்தது. உம்முடைய ஆண்டுத் திவசம் நெருங்குகிறது. துக்கம் கொஞ்சம் கொஞ்சமாக ஆறும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அது ஆறுகிறது. கோபம் ஆறவில்லை. அதை உமக்கு அறிவித்துவிட வேண்டும் என்று இருக்கிறேன்.

உம்மைக் கட்டிய என் அண்ணை உயிரோடு இருந்த காலத்தில் உங்கள் வீட்டு நெய்யும் ஊர் நெய்யோடு நெய்யாகத்தான் போனது. வியாபாரி துறையடியில் நிற்பார். ஒவ்வொரு வீட்டாரும் கொண்டுபோய்க் கொடுப்பதை ஒரே தகரத்துக்குள் ஊற்றிக்கொண்டு படகேறுவார். அண்ணை போன அடுத்த மாரியில் நீர் ஊற்ற மறுத்தீர். “எல்லாற்ற நெய்யையும் ஒண்டா ஊத்தினால் ஆற்ற கை எண்டு ஆருக்குத் தெரியும்?” என்று கேட்டுவிட்டு, செம்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டீர். நான் பயந்தேன். உமது மகன் சுகந்தன் அப்போதுதான் பிரான்சுக்குப் போயிருந்தான். மாட்டையும் நெய்யையும் விட்டால் உமக்கு வேறு வருமானம் இல்லை.

அதன் பிறகு வீடு வீடாகப் போனீர். மாடு வைத்திருக்கும் பெண்களை எல்லாம் சேர்த்தீர். கோயிலடிப் பெண்களும் வந்தார்கள், தேவாலயத்தடிப் பெண்களும் வந்தார்கள். தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் றெஜினாதான் கடைசியாக வந்தவள், அதிகம் சண்டை பிடித்தவளும் அவள்தான்.

நீர் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை மச்சாள். அதை நீரே சொல்வீர். மாரி மழை பெய்து வெளி பச்சையானால் பால் தடிக்கும், நெய் மணிமணியாக உறையும். தென்மேற்குச் சோளகக் காற்று எழும்பிப் புல் கருகினால் பால் வற்றும், கிணறுகளும் உவர்க்கும். அந்த மாதங்களில் ஒட்டக் கறந்தால் கன்று எலும்பாகும், அடுத்த மாரிக்கு மாட்டுப் பட்டி பாதியாகும். எங்கள் தீவில் பிறந்த எவருக்கும் இது தெரியும். எல்லோருக்கும் தெரிந்த அந்த ஒன்றை எடுத்து நீர் தொழிலின் சட்டமாக வைத்தீர். ஆடி, ஆவணியில் நெய் இல்லை. கன்று குடித்து மிஞ்சினால்தான் மத்தைத் தொடலாம்.

கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து ஒரு ரீச்சர் எப்போதும் போனில் கெஞ்சுவார். “ஆடிப்பிறப்புக்குக் கொழுக்கட்டை அவிக்க வேணும் அக்கா, ஒரு போத்தல் எண்டாலும் பாருங்கோ.”

“ஆடிப்பிறப்புக்கு வேணுமெண்டால் பங்குனியிலை வாங்கி வைச்சிருக்க வேணும் ரீச்சர். மாடு பஞ்சாங்கம் பாக்கிறேல்லை” என்பீர் நீர். போனை வைத்துவிட்டு, “கோவிச்சிட்டாவோ?” என்று என்னிடம் கேட்பீர். ரீச்சர் கோபித்தது இல்லை. அடுத்த பங்குனியில் இரண்டு மடங்கு கேட்டார். காத்திருக்க வைக்கிற நெய் என்று எங்கள் நெய்க்கு ஒரு பேர் உண்டானது. காசு போட்டு விளம்பரம் செய்தால்கூட அப்படி ஒரு பேர் எடுக்க ஏலாது.

அந்தப் பேர்தான் கொம்பனிக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தது.

அந்த மனுசன் கெட்டவர் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து பாயில் இருந்தார். தேத்தண்ணி குடித்தார். உமது நெய்யைப் புட்டில் விட்டுச் சாப்பிட்டு, உண்மையாகவே கண்ணை மூடினார். பிறகு சொன்னார், உங்கள் எல்லோருடைய நெய்யையும் நாங்கள் எடுக்கிறோம், நல்ல விலை தருகிறோம், ஆனால் வருஷம் முழுவதும் வர வேண்டும், போதாததற்கு வெளியில் இருந்து நெய் எடுத்துச் சேர்த்துக்கொள்வோம் என்று.

“வெளி நெய்க்கு என்ன பேர் போடுவியள்?” என்று நீர் கேட்டீர்.

“அதுக்கும் நெடுந்தீவு நெய் எண்டுதான் அம்மா. சனத்துக்கு அந்தப் பேர்தானே தெரியும்.”

“அது எங்கட பேரெல்லோ?”

“பேர் ஆற்றையும் சொத்தில்லை அம்மா. உலகப் படத்திலை நெடுந்தீவு எண்டு கிடக்கு. ஆரும் எடுத்துப் போடலாம்.”

“படத்திலை கிடக்கிற நெடுந்தீவைத் தாராளமா எடுங்கோ தம்பி. இப்ப உங்கட வாயிலை கிடக்கிற நெடுந்தீவு எங்கட மாடு மேய்ஞ்சு வந்தது. அதைத் தர ஏலாது.”

அவர் சிரித்தார். கோபிக்கவில்லை. யோசித்துச் சொல்லுங்கோ என்றுவிட்டுப் படகுக்குப் போனார். நாங்கள் யோசிக்கவில்லை, அவரும் காத்திருக்கவில்லை. அடுத்த சோளகத்தில், எங்கள் எந்த வீட்டிலும் மத்து நனையாத ஆடி மாதத்தில், யாழ்ப்பாணக் கடைகளில் குதிரைப் படத்தோடு அந்தப் போத்தல் வரிசையாக நின்றது.

அன்று நீர் குதிரையைச் சொல்லிச் சிரித்தீர். ஆனால் கொஞ்ச நாளில் வெள்ளவத்தை ரீச்சர் போன் எடுத்தார். “அக்கா, உங்கட நெய்யும் கலப்படமாப் போச்சுது போலை. முந்தின மணம் இல்லை” என்றார். அவர் வாங்கியது குதிரைப் போத்தல். எங்களுடையது என்று நம்பி வாங்கியிருக்கிறார். நீர் போனை வைத்தீர். பட்டியே செத்துப்போனால் ஒரு மனுசி எப்படி இருப்பாளோ அப்படி இருந்தீர். நெய்யைக் களவெடுத்திருந்தால் இன்னொரு முறை கடைந்திருக்கலாம். பேரை எங்கே போய்க் கடைவது?

மாரி வந்தது, நெய்யும் வந்தது, வாங்குகிறவர்கள் குறைந்தார்கள். பெண்கள் கூடிய கூட்டத்தில் றெஜினா எழும்பினாள். “அக்கா, உங்கட வீம்புக்கு எங்கட பிள்ளையளே கிடந்து காயிறது? அவங்கள் எப்பிடியும் எங்கட பேரிலை விக்கிறாங்கள். நாங்கள் குடுத்தால் காசாவது வரும்.”

அவள் சொன்னதில் பிழையில்லை. அங்கே இருந்த பலரின் மனதில் இருந்ததும் அதுதான். நீர் அவளோடு வாதாடவில்லை. “றெஜினா, எனக்கு ஒரு மாரி தாரும்” என்றீர். “ஒரு போத்தலும் இனிக் கடல் தாண்டக் கூடாது. நெய் வேணுமெண்டவை இஞ்சை வரட்டும். வராட்டில் அடுத்த முறை நானே உம்மோடை கொம்பனிக்கு வாறன்.”

எல்லோரும் உமக்கு மூளை பிசகிவிட்டது என்றார்கள். நானும்தான். குறிகட்டுவான் துறையில் இருந்து படகில் ஆட்டம் கண்டு வருகிற சனம் குதிரையையும் கோட்டையையும் பென்னம்பெரிய பெருக்கு மரத்தையும் பார்க்க வருகிறது. நெய்க்கு ஆர் வருவான்? நீர் கேட்கவில்லை. துறைக்குப் போகிற வழியில் தென்னங்கிடுகால் ஒரு பந்தல் போட்டு அடுப்பை மூட்டினீர். படகு வருகிற நேரம் பார்த்து வெண்ணெயைச் சட்டியில் போட்டு, அது அடங்கி வரும்போது முருங்கை இலையைத் தூவுவீர். இலை படபடவென்று பொரிகிற சத்தத்துக்கும் மணத்துக்கும், போகிற சனம் நின்றது. சுடச்சுடப் புட்டு, மேலே ஒரு கரண்டி. சாப்பிட்டவர்களை வெளிக்குக் கூட்டிக்கொண்டு போய் மாட்டையும் கன்றையும் காட்டுவது என் வேலை. இந்தப் புல் ஏன் உப்புக் கரிக்கிறது, ஆடியில் ஏன் நெய் இல்லை என்று நான் சொல்லச் சொல்ல, அவர்கள் போனில் படம் எடுப்பார்கள்.

ஒவ்வொரு போத்தலிலும் அதை உருக்கியவளின் பேரை எழுதி ஒட்டினோம். கொம்பனியும் பேர் எழுதலாம்தான். ஆனால் “ஆர் இஞ்சை றெஜினா?” என்று சனம் கேட்டால் பந்தலுக்குள் ஒருத்தி கையைத் தூக்க வேண்டும் அல்லவா. முதல் தரம் கேட்டபோது றெஜினா வெட்கப்பட்டுச் சீலைத் தலைப்பால் முகத்தை மூடினாள். மாரி முடிவதற்குள் கேட்காமலே கையைத் தூக்கினாள். அவளே பிறகு சொன்னாள், ஆடி, ஆவணியிலும் பந்தலை மூடாமல் பனம்பழப் பினாட்டும் பனங்கட்டியும் கருவாடும் வைப்போம், நெய் கேட்டு வருகிறவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது என்று. ஒருவரும் பணக்காரர் ஆகவில்லை. ஆனால் ஒருவரும் மாட்டை விற்கவும் இல்லை.

பிரதேச செயலகத்தில் அப்போது ஒரு பிள்ளை வேலைக்கு வந்திருந்தாள். ஒரு ஊரின் பேரை அந்த ஊரில் செய்கிறவர்களுக்கே என்று பதிந்து வைக்க வழி இருக்கிறது, சங்கமாகி விண்ணப்பிக்க வேண்டும், எப்படிச் செய்கிறீர்கள் என்று விபரமாகச் சொல்ல வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். பந்தலில் வந்திருந்து நாங்கள் சொல்லச் சொல்ல எழுதினாள். முருங்கை இலைதான் என்று றெஜினாவும், வெற்றிலையும் போடலாம் என்று நீரும் பிடித்த சண்டையில் பாவம், அவள் பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கடைசியில் இரண்டையும் எழுதினாள்.

அந்த விண்ணப்பம் போன பிறகுதான் உமக்கு நெஞ்சு நோவெடுத்தது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். திரும்பி வந்த படகில் உம்மைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தோம். துறையில் பெண்கள் எல்லோரும் நின்றார்கள். பந்தலில் அடுப்பு மூட்டவில்லை.

இனிச் சொல்லப்போவது உமக்குத் தெரியாது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை அந்தக் கொம்பனி மனுசன் மறுபடி வந்தார். அதே போலச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தார். உமது படத்துக்கு முன்னால் கும்பிட்டார். செத்தவீட்டுக்குப் பிரான்சில் இருந்து வந்த சுகந்தன் அப்போது வீட்டில் நின்றான். அவனுக்குப் பக்கத்தில் இருந்து போனைத் திறந்து காட்டினார். போத்தலில் குதிரை இல்லை. நீர் இருந்தீர். பந்தலில் எவரோ எடுத்த படம், அடுப்புப் புகைக்குப் பின்னால் வாய்விட்டுச் சிரிக்கிறீர். கீழே ‘அம்மாவின் நெடுந்தீவு நெய்’ என்று எழுத்து.

“அம்மாவின்ர முகம் உலகம் முழுக்கப் போகும் தம்பி. உங்களுக்கும் உரிய பங்கு வரும்” என்றார்.

சுகந்தன் அழுதான். பொய் சொல்லக் கூடாது, வடிவான படம் மச்சாள். “அம்மான்ர பேர் நிலைக்குமெல்லோ மாமி” என்று என் முகத்தைப் பார்த்தான்.

நான் அந்த மனுசனிடம் கேட்டேன், “இந்தப் போத்தல் ஆடியிலையும் வருமோ?”

“வருஷம் முழுக்க வரும் அம்மா. குறைவே வராது.”

நான் சுகந்தனைப் பார்த்துச் சொன்னேன். “உன்ர அம்மா ஒரு ஆடியிலையும் நெய் வித்தவளில்லை. செத்தாப் பிறகு அவளின்ர முகத்தை ஆடியிலை விக்கப் போறியோ?”

அவன் போனைக் கையில் வாங்கிப் பார்த்தான். சின்னனில் அவனுக்கும் அந்த மாதங்களில் பால் கிடையாது, வெறும் தேத்தண்ணிதான். கன்றோடு போட்டிக்குப் போகாதை என்று நீர் அதட்டுவீர். அது அவனுக்கு நினைவு வந்ததோ என்னவோ தெரியாது. கண்ணைத் துடைத்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தான். “வேண்டாம் அண்ணை. அம்மான்ர படத்தை அழிச்சுவிடுங்கோ. என்ர கண்ணுக்கு முன்னாலை அழியுங்கோ.”

அவர் அழித்தார். அதனால்தான் நேற்றும் போத்தலில் குதிரை நின்றது.

இப்போது விண்ணப்பத்துக்கு யாழ்ப்பாணத்தில் விசாரணைக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். பேர் எவருக்கும் தனிச் சொந்தமில்லை என்று கொம்பனி எதிர்த்து எழுதியிருக்கிறது. அவர்களுக்காகச் சட்டம் படித்த அப்புக்காத்து வருவாராம். எங்களுக்காக ஆர் பேசுவது என்று பந்தலில் கேட்டபோது எல்லோரும் என்னைக் காட்டினார்கள். உமக்குப் பின்னால் நின்று புட்டுக் குழைத்துக் கொடுத்த என்னை.

எனக்கு உம்மைப் போலக் கதைக்க வராது. நீர் பேசினால் எதிரிலிருப்பவரும் சிரிப்பார். மாட்டைக் காட்டிக் கதைப்பது வேறு, சபையில் நான் பேசினால் என் குரல் எனக்கே கேட்காது. ஆனால் ஒன்று எனக்கு மட்டும் தெரியும். அந்த மனுசன் முதன்முதல் வந்த அன்று பாயில் உம்மோடு ஒட்டி இருந்தவள் நான். தர ஏலாது என்று நீர் சொன்னபோது உமது முழங்கால் சீலைக்குள் கிடுகிடுவென்று நடுங்கியது. ஊரில் எல்லோரும் உம்மைப் பயமறியாத மனுசி என்று கதைக்கிறார்கள். நான் திருத்தப் போகவில்லை. நீர் எனக்கு விட்டுப் போனது அந்த நடுக்கம்தான்.

நாளைக்கு முதல் படகில் போகிறோம். கடல் குழம்பித்தான் கிடக்கிறது. என்னுடைய காலும் நடுங்கும். நடுங்கட்டும். என் பேரைக் கூப்பிட்டதும் எழும்பி நிற்பேன், சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கும்வரை திரும்பக் கதிரையில் இருக்க மாட்டேன்.

உமது மச்சாள்