எழுத்து மூலம் தெரிவிக்கவும்

மார்ச் 3, திங்கள்

மருந்தியல் பேராசிரியர் இன்றும் முடியாது என்றுவிட்டார். நான் கேட்டது என்ன, அவர் வீட்டுப் பத்திரமா? வகுப்பில் திரையில் காட்டும் பாடப் பக்கங்களை இரண்டு நாள் முன்னதாக எங்கள் உதவிப் பிரிவுக்கு அனுப்பச் சொன்னேன். எழுத்துக்கூட்டி வாசிக்கச் சிரமப்படுகிற, டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள் அதை வாசிப்புச் செயலியில் போட்டுக் காதால் கேட்டுத் தயாராகி வருவார்கள். அவ்வளவுதான்.

"முப்பது வருஷமா பாடம் நடத்துறேன். இப்படி யாரும் வந்து கேட்டதில்லம்மா" என்றார். கேட்கத் தெரியாதவர்கள் படிப்பை விட்டே போயிருப்பார்கள் சார் என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். விழுங்கியது இன்னும் செரிக்கவில்லை.

மார்ச் 5, புதன்

இந்தச் சண்டையெல்லாம் முக்கியமாக ஒருத்திக்காக. மருந்தாளுநர் படிப்பு, இரண்டாம் ஆண்டு. எப்போதும் காதில் ஒயரோடு திரிவதால் வகுப்பில் அவளுக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர். திரையில் ஒரு வரியை அவள் கூட்டிப் படிப்பதற்குள் அவர் மூன்று பக்கம் தாண்டிவிடுகிறாராம். காதில் ஒருமுறை விழுந்தால் போதும், மருந்தின் பெயர், அளவு, பக்கவிளைவு எல்லாம் ஒப்பிக்கிறாள். சோதித்துப் பார்த்தேன். எனக்குத்தான் மறந்துபோனது.

போன வருடம் இந்த ஒரு பாடத்தில் தோல்வி. இரண்டாவது முறையும் தோற்றால் படிப்பிலிருந்தே நீக்கம். அதுதான் விதி.

மார்ச் 11, செவ்வாய்

பேராசிரியர் அறையில் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். கடைசியில் விஷயம் வெளியே வந்தது. எவனோ ஒருவன் அவருடைய பழைய பாடக்குறிப்பைத் தன் பெயரில் அச்சடித்து விற்றிருக்கிறான். "இன்னொரு தடவை ஏமாற மாட்டேன்" என்றார்.

எனக்கு உடனே யோசனை தோன்றியது. ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும் 'நகல் எடுக்கக் கூடாது' என்று முத்திரை பதித்துத்தான் வெளியிடுவோம், ஒரு எழுத்தைக்கூட யாரும் உருவி எடுக்க முடியாது என்றேன். முகம் கொஞ்சம் இளகியது. முத்திரை பதிக்கும் மென்பொருளை எங்கள் மேலாளரிடம் கேட்டு வாங்கியது நான். எல்லாப் பாடத்துக்கும் இனி இதுதான் என்று விதி எழுதியதும் நானே.

மார்ச் 14, வெள்ளி

இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் வந்துவிட்டது! என் கையாலேயே முத்திரை போட்டு ஏற்றினேன். கல்லில் நார் உரித்துவிட்டேன்.

மார்ச் 27, வியாழன்

அலுவலகக் கைபேசியில் பதினேழு குரல் செய்திகள். ஒவ்வொன்றாக உட்கார்ந்து கேட்க யாருக்கு நேரம்? எல்லோருக்கும் வழக்கமான பதிலைத் தட்டிவிட்டேன். 'தங்கள் குறையை எழுத்து மூலம் தெரிவிக்கவும்.'

மே 6, செவ்வாய்

ரேடியோ முப்பத்தொன்று. தேர்ச்சிக்கு நாற்பது.

என்ன பிறவியோ! ஒவ்வொரு கதவாகப் போய்ப் பல்லைக் காட்டி, பேச்சு வாங்கி, பாடத்தைக் கொண்டுவந்து மடியில் போட்டேன். திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டாள். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். வரட்டும்.

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு யார் மேல? முன்னாடியே சொல்லிட்டா நான் பக்கத்து ரூம்ல இருந்துக்குவேன்" என்றார். அவர் மேலும்தான்.

மே 8, வியாழன்

வந்தாள். உட்காரக்கூட விடவில்லை நான். "சண்டை போட்டு வாங்கிக் குடுத்தேனே, ஒரு தடவையாவது தொறந்து பாத்தியா?"

அவள் மடிக்கணினியை என் மேசையில் வைத்து, ஒயரைப் பிடுங்கிவிட்டு, வாசிப்புச் செயலியை ஓடவிட்டாள். இயந்திரக் குரல் பேசியது. "பக்கம் ஒன்று. படம். பக்கம் இரண்டு. படம். பக்கம் மூன்று. படம்."

ஒன்பதில் நிறுத்தச் சொன்னேன். "கடைசி வரைக்கும் இப்படித்தான் மேடம்" என்றாள்.

முத்திரை. முத்திரை பதித்ததும் பக்கம் மொத்தமும் ஒரே படமாக இறுகிவிடுகிறது. கண்ணால் படிப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. செயலிக்கு அதில் ஒரு எழுத்துகூடக் கிடைக்காது. ஒரு எழுத்தைக்கூட உருவ முடியாது என்று நான்தானே பீற்றிக்கொண்டேன்?

"அப்போ எப்படிப் படிச்சே?"

"அம்மாவ வாசிக்கச் சொன்னேன். அந்த மருந்துப் பேரெல்லாம் அம்மாவுக்கு வாயில நுழையல. ஒரு கட்டத்துல ரெண்டு பேரும் அழுதுட்டோம்."

சொல்லியிருக்கலாமே என்றேன். கேட்டேனே அதை, வெட்கமில்லாமல்!

"மூணு தடவை குரல் செய்தி அனுப்பினேன். எழுத்துல குடுன்னு வந்துச்சு. எழுதறதுதான் மேடம் எனக்குக் கஷ்டம். அதுக்குத்தானே இந்த ஆபீஸே இருக்கு?"

மே 9, வெள்ளி

செருப்பாலயே அடிச்சுக்கணும் என்னை. ரெண்டு மாசமா யார் யாரையோ திட்டினேன் — அவர் கல்நெஞ்சு, இவள் சோம்பேறி — ஒரே ஒரு ஃபைலைத் தொறந்து காதால கேட்டுப் பாத்தேனா? ஒண்ணே ஒண்ணு?

அந்தப் பதினேழு செய்திகளையும் இன்று கேட்டேன். பதினொன்று இதே விஷயம். ஒரு பையன் கடைசியில், "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்கிறான்.

மே 12, திங்கள்

மேலாளர் ஒரு வழி சொன்னார். "தேர்வுக் குழுவுக்குத் தொழில்நுட்பக் கோளாறுன்னு ஒரு வரி போட்டு அனுப்பிடுங்க. யார் பேரும் வேண்டாம்." போட்டால் என்ன ஆகும் என்று விதிப் புத்தகத்தைப் பார்த்தேன். கோளாறு என்றால் மதிப்பெண் அப்படியே நிற்கும். அவள் வெளியே. அலுவலகத்தின் தவறு என்று பொறுப்பானவர் கையெழுத்திட்டால்தான் அந்தத் தேர்வு ரத்தாகும்.

"அப்போ நான் போடறேன் சார் கையெழுத்து."

"அந்தப் பொண்ணுக்கு நம்மளால ஆனதெல்லாம் செஞ்சாச்சும்மா. உங்க வேலையையும் கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார். ஆனதெல்லாம் செய்தோமாம்! பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கூட்டம். அதில் நானும் ஒருத்தி என்பதுதான் இன்னும் எரிகிறது.

மே 14, புதன்

கடிதம் கொடுத்துவிட்டேன். இரண்டு பக்கம். 'நான்' என்ற சொல்லை எங்கும் தவிர்க்கவில்லை.

மே 28, புதன்

தேர்வுக் குழு. நீள மேசை, ஏழு பேர். மருந்தியலும் உட்கார்ந்திருந்தார். "நான் அனுப்பினது நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார் எல்லார் முன்னாலும். ஆமாம் சார் என்றேன். வேறென்ன சொல்ல? மனுஷன் சொன்னது உண்மை. உண்மையானாலும் அந்தத் தொனிக்கு ஒரு அறை விட வேண்டும் போலிருந்தது.

தேர்வு ரத்து. ஜூன் கடைசியில் மறுதேர்வு.

வெளியே வரும்போது அவரே கூப்பிட்டார். "முத்திரை இல்லாமலே போடும்மா. திருடறவன் திருடிட்டுப் போகட்டும்." நன்றி சொல்வதற்குள் போய்விட்டார்.

ஜூன் 2, திங்கள்

மாற்றல் ஆணை. இனி அடையாள அட்டை கவுன்டர். எதிர்பார்த்ததுதான். ஆனாலும் மேலாளர், "கொஞ்சம் ஓய்வு மாதிரி நெனச்சுக்கங்க" என்று சிரித்தபோது பற்றிக்கொண்டு வந்தது. ஆணை வருவதற்குள்ளேயே ஆறு பாடத்தின் எல்லாப் பக்கங்களையும் மாற்றி ஏற்றினேன், ஒவ்வொன்றையும் காதால் கேட்டு. நாலு நாள் ஆனது. முதலிலேயே இதற்கு நாலு நாள்தான் ஆகியிருக்கும்.

ஜூலை 14, திங்கள்

கவுன்டரில் நல்ல கூட்டம். எல்லோருக்கும் அட்டை புதுப்பிக்க வேண்டும். பத்து மணி வாக்கில் நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரேடியோ.

எந்த வருடம் என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

"மூணாம் வருஷம்" என்றாள்.

விரல் விசைப்பலகையில் இரண்டு முறை தப்பாக விழுந்தது. அவள் சிரிக்கவில்லை. "உங்க மேல இன்னும் கோபம் இருக்கு மேடம்" என்றாள்.

"இருக்கட்டும்மா."

அட்டை வந்தது. வாங்கியவள் அங்கேயே நின்று படிக்க ஆரம்பித்தாள், பெயர், படிப்பு, பிறந்த தேதி, ஒவ்வொரு எழுத்தாக உதட்டை அசைத்து. பின்னால் நின்ற ஒருவன், "கொஞ்சம் நகருங்க, லேட்டாகுது" என்றான். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, கண்ணாடி அதிர அதட்டினேன்: "அவ படிச்சு முடிக்கிற வரைக்கும் நில்லு!"

வரிசை மொத்தமும் அடங்கியது. அவள் நிமிரவே இல்லை. கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.