மூன்று தரம் மணி அடித்தது

மார்ச் 3

அன்புள்ள சிட்டுவுக்கு,

போன் விமர்சனம் எழுதிப் பிழைக்கிறவன் பெண்டாட்டிக்குக் காகிதத்தில் எழுதுவது தெரிந்தால் என் வாசகர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என்ன செய்ய? "டாக்டர் கூப்பிடுவார், லைனை அடைக்காதீங்க, எழுதுங்க"ன்னு கறாராகச் சொல்லிவிட்டாய்.

மாமாவுக்கு எப்படி இருக்கிறது? பக்கவாதத்தில் பேச்சுப் போய்விட்டதே என்று நீ அழுதது இன்னும் காதில் இருக்கிறது. அவருக்கு ஒரு டேப்லெட் அனுப்பியிருக்கிறேன். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன். நல்லா இருக்கிற இடது கையால் தட்டினால் போதும், அதுவே சத்தமாகப் படிக்கும்.

நெட்வொர்க் கம்பெனியைச் சும்மா விடவில்லை. அன்றைக்கு அவர் கூப்பிட்டது உனக்கு வராததற்கு டவர் கோளாறுதான் காரணம் என்று ஒற்றை நட்சத்திரம் போட்டுக் கிழித்துவிட்டேன். இருநூறு பேர் 'எனக்கும் இதே கதி' என்று கீழே எழுதியிருக்கிறார்கள்.

நீ இல்லாமல் தினமும் பால் பொங்கி வழிகிறது.

உன் விமர்சகன்


மார்ச் 9

அன்புள்ள விமர்சகருக்கு,

டேப்லெட் வந்தது. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். திரை பளிச்சென்று இருக்கிறது. ஆனால் கனம், அப்பா மடியில் நிற்காமல் சரிகிறது. தலையணை முட்டுக் கொடுத்திருக்கிறேன். ஸ்பீக்கரைப் பின்பக்கம் வைத்த புண்ணியவான் யாரோ, சத்தமெல்லாம் போர்வைக்குள் போகிறது. சார்ஜ் இரண்டு நாள் நிற்கிறது. மூன்று நட்சத்திரம்.

எனக்காக நீங்கள் மல்லுக்கு நிற்பது பெரிய ஆறுதல். கை மரத்துப்போன உடனே அப்பா, தன்னிடம் போன் இல்லாததால், பக்கத்துத் தையல் கடைக்குப் போய் கடைப் போனிலிருந்து கூப்பிட்டிருக்கிறார். நான் எடுக்கவில்லை என்றதும், கடைக்குத் திரும்பக் கூப்பிடுவாள் என்று வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். சாயங்காலம் தையல்காரர் வந்து பார்க்கும்வரை அப்படியே கிடந்திருக்கிறார். 'மூணு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா' என்று டாக்டர் சொன்னது நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கியது குத்தமா? டவர் கோளாறு என்று நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் என்னையே நொந்து நொந்து செத்திருப்பேன்.

நேற்று முழுசாகத் 'தண்ணி' என்று தட்டினார். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் சிட்டு


மார்ச் 14

ஐயா விமர்சகரே,

இன்று காலை அப்பா அரைமணி நேரம் போராடி ஒரு வரி தட்டினார். "மூணு தரம் மணி அடிச்சுது. நீ எடுக்கல."

அவர் காதுக்கு மணி கேட்டிருக்கிறது. அப்படியென்றால் டவர் என்ன பாவம் செய்தது?

ஆஸ்பத்திரி வராந்தாவில் "குடு, நான் பாக்கிறேன்"ன்னு என் போனை வாங்கினீர்கள். "ஒண்ணும் வரலம்மா, டவர் கோளாறு"ன்னு திருப்பிக் கொடுத்தீர்கள். நீங்கள் பார்த்தால் நானே பார்த்த மாதிரி என்று இருந்துவிட்டேன். இன்றைக்குத்தான் பார்த்தேன். 2.10, 2.14, 2.31. மூன்றுக்கும் பக்கத்தில் 'தெரியாத எண், ஒலி நிறுத்தப்பட்டது.' அப்படி ஒரு வசதி இருப்பதே எனக்குத் தெரியாது.

உங்கள் பழைய விமர்சனங்களையும் தேடிப் படித்தேன். பிப்ரவரி 4. 'தெரியாத எண்களின் வாயை அடைக்கும் வசதி. என் மனைவியின் போனில் சோதித்தேன். இப்போது நிம்மதியாகத் தூங்குகிறாள். ஐந்து நட்சத்திரம்.'

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? சரி, மறதி யாருக்கும் வரும். ஆனால் எல்லாம் தெரிந்துகொண்டே எனக்கு ஆறுதல் சொன்னீர்களே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள்.

அப்பாவின் மகள்


மார்ச் 18

சிட்டு,

ஆமாம். நான்தான்.

லோன் வேணுமா, கார்டு வேணுமா என்று நாளெல்லாம் உன் பிராணனை வாங்கினார்கள். அதனால் போட்டேன். எழுதவும் விஷயம் கிடைத்தது. அப்புறம் சுத்தமாக மறந்துபோனேன்.

வராந்தாவில் அந்த மூன்று அழைப்பையும் பார்த்தேன். வசதியை அணைத்தேன். அழைப்புகளை அழிக்க மட்டும் கை வரவில்லை. நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். 'டவர்' என்று வாயில் வந்துவிட்டது. பிறகு அந்தப் பொய்யை நிற்க வைக்க இருநூறு பேரைத் துணைக்குச் சேர்த்தேன்.

அந்த ஒற்றை நட்சத்திர விமர்சனத்தை எடுத்துவிட்டேன். அதே இடத்தில் எழுதியிருக்கிறேன்: 'அழைப்பு மூன்று முறை வந்தது. நெட்வொர்க் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. ஒலியை நிறுத்தியவன் நான். மறைத்தவனும் நான்.' எல்லாரும் காறித் துப்புகிறார்கள். துப்பட்டும்.

மாமா காலில் விழ வரட்டுமா? ஒரே ஒரு தடவை போனில் பேச விடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

நான்


மார்ச் 25

உங்களுக்கு,

கடிதத்தை அப்பாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். இந்த வீட்டில் இனி எதையும் யாருக்கும் மறைப்பதாக இல்லை. கண்ணை மூடிக் கேட்டார். பிறகு டேப்லெட்டை இழுத்து, "மாப்பிள்ளைய வரச் சொல்லு"ன்னு தட்டினார். சத்தம் போர்வைக்குள் போய்விட்டது. எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து மறுபடி தட்டினார்.

எனக்கு முதல் தடவையே கேட்டது. அவர் மனசு பெரிசு. எனக்கு அவ்வளவு பெரிசில்லை.

இப்போது எந்த எண்ணிலிருந்து வந்தாலும் என் போன் அடிக்கிறது. லோன்காரனுக்கும் ஓடிப்போய் எடுத்து, "யாருங்க"ன்னு கேட்கிறேன். உங்கள் எண்ணையும் நான் தடுக்கவில்லை.

நேற்று மாலை நீங்கள் கூப்பிட்டபோது போன் என் கையில்தான் இருந்தது. மூன்று தரம் அடித்தது. மூன்று தரமும் கடைசி மணி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எடுக்க முடியவில்லை.

சிட்டு