மூன்றாவது முங்கு

என் செல்லத் தம்பி ராசுவுக்கு,

எப்போது கூப்பிட்டாலும் "என்னக்கா இப்ப?" என்று சிடுசிடுப்பவனே, இன்று நீ சிடுசிடுத்தாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

உன் மகள் வசந்தி மதுரையில் விலங்கியல் படிக்கிறாள். தாயில்லாப் பிள்ளை. நீயும் போன பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான் என்று ஆகிவிட்டது. அவள் விடுதிக்குப் போனதிலிருந்து வீட்டில் ஒரு தட்டுதான் கழுவுகிறேன். ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகும் ஜீப்பிலும் யாரோடும் பேச்சில்லை. யாரிடம் என்ன பேசுவது, சொல்.

போன ஞாயிறு வந்தவள், சாப்பிட்ட கையோடு செல்போனில் ஒரு படம் காட்டினாள். பென்குயின் முதுகில் சின்னக் கருவி கட்டி, அது கடலில் முங்கி எழுவதைக் கோடாக வரைந்திருக்கிறார்கள்.

"அதுக்கு மூச்சு நெஞ்சுல மட்டும் இல்லத்தே. ரத்தத்துலயும் சதையிலயும் சேத்து வச்சிருக்கும். ஆழத்துக்குப் போனா இதயம் மெதுவாத் துடிக்கும். மேல வர்றப்ப றெக்கையக்கூட அடிக்காது, உடம்புக்குள்ள இருக்குற காத்தே தூக்கிவிட்டுரும். அம்புட்டுச் சிக்கனம்."

"கெட்டிக்காரப் பறவைதான்" என்றேன்.

"இங்க பாரேன், மேல வந்து சும்மா மெதக்குதுல்ல? செலவழிச்சதத் திரும்பச் சேக்குது. ரொம்ப நேரம் முங்குனா ரொம்ப நேரம் மெதக்கணும்." செல்போனைக் கீழே வைத்தாள். "அப்பாவுக்கு முங்குறது புதுசா? அன்னைக்கு ஏன் அத்தே மூச்சு வாங்காமத் திரும்ப முங்குனாரு?"

நான் பாத்திரம் கழுவ எழுந்துவிட்டேன்.

நீ போன அந்தக் கோடையில் ஏலச்செடி காய்ந்துகொண்டிருந்தது. தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் தேக்கிய படுதாக்குளத்தில், மோட்டார் குழாயின் அடிவாயைச் சருகு அடைத்துவிட்டது. நீ இரண்டு முறை முங்கினாய். இரண்டாவது முறை நெடுநேரம். மேலே வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இரு. மூச்சு வாங்கிக்கிறேன்" என்றாய். மலையிலிருந்து நம்மைப் போடிக்கு இறக்கும் ஜீப்பு ஹாரன் அடித்தது. "வண்டி போயிரும்டா, வெரசா ஒரு முங்கு போட்டுட்டு வா" என்றேன். சிரித்துக்கொண்டே மூன்றாவது முறை முங்கினாய். மேலே வரவில்லை.

ஒரு ஜீப்பு, ராசு. அதை விட்டால் நடந்து இறங்கியிருக்க மாட்டோமா?

அடுத்தடுத்து முங்கினான், தார்ப்பாய் வழுக்கி ஏற முடியவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் ஆமாம் என்றேன். இத்தனை வருஷமாக ஆமாம் என்றே சொல்லி வருகிறேன். உண்மையைச் சொன்னால் அவளும் என்னை விட்டுப் போய்விடுவாளோ என்று பயம். பிறகு இந்த வீட்டுக்கு யாருமே வராத ஞாயிற்றுக்கிழமைகள்தான். ஆனால் அவள் அந்தக் கோட்டில் உன் தப்பைத் தேடுகிறாள். நீ ஒரு தப்பும் செய்யவில்லையே.

வருகிற சனிக்கிழமை ரயிலில் வருகிறாள். சாப்பிட வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து சொல்லிவிடுகிறேன். உன்மேல் ஆணை. அதன் பிறகுதான், உனக்கு அனுப்ப முடியாத இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புவேன். யாராவது இதை அச்சில் படிக்கிறார்கள் என்றால், அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இனி நான் அவளுக்கு அத்தையா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும்.

உனக்கு மட்டும் எப்போதும்,
அக்கா