மேல்மாடி ஹோட்டலில் தங்கினவர்கள்

கல்முனை
12.03.1996

கொழும்பில் இருக்கும் தம்பி மீராமுகைதீனுக்கு உன் கூடப்பிறந்த ராத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ் உதவியால் எல்லாரும் சுகம். என் முழங்கால் மட்டும் சொல்வழி கேட்பதில்லை. பேத்தி ஹிமாயாவுக்குப் பரீட்சை. நாவிதன்வெளி வயலில் நெல் வெட்டு முடிந்தது.

உன் கடிதம் கிடைத்தது. ஹோட்டலை இடித்துக் கடைத்தொகுதி கட்ட ஆள் பிடித்து வாக்கும் கொடுத்துவிட்டாயாம். யாரைக் கேட்டு? உம்மா எனக்குச் சீதனமாக எழுதின வளவு அது. ஆம்பிளைப் பிள்ளைக்கு வீடு எழுதுகிற வழக்கம் எங்கட ஊருக்கு எப்போது வந்தது?

பழைய கட்டிடங்களைப் பதிகிற உத்தியோகத்தர் வந்தால், முக்கியமான ஆள் ஒருவரும் அங்கே தங்கவில்லை என்று சொல்லச் சொன்னாய். பதிந்தால் இடிக்க ஏலாது என்று உனக்குத் தெரியும். திங்கட்கிழமை வந்தார். முதிரை மரப் படிக்கட்டைத் தடவினார், தூண்களை அளந்தார், வெள்ளைக்காரத் துரைமார் தங்கினார்களா என்று கேட்டார். ஒருவன் தங்கினான், கோழிக்கறி உறைப்பு என்று சண்டை பிடித்தான், அவன் பேர் எனக்கெதற்கு, எழுத வேண்டிய பேர் வேறு இருக்கு என்றேன்.

எங்கட சைவச் சமையல்காரன் செல்லத்தம்பி, பெண்சாதி கனகேஸ்வரி, மூன்று பிள்ளைகள். தொண்ணூறாம் ஆண்டு ஆமிக்காரர் தமிழாக்களைத் தேடித் திரிந்த நாட்களில், மேல்மாடிக் கடைசி அறையில் பதினொரு நாள். வீதியில் ட்ரக் போகும்போதெல்லாம் சின்னவளின் வாயை நான்தான் பொத்திப் பிடித்தேன். இப்படியான ஆக்களை எழுதுவதில்லையே என்று உத்தியோகத்தர் இழுத்தார். அந்தச் சுவர் இல்லாவிட்டால் அஞ்சு உசிரும் இல்லை, எழுதுங்க மகன் என்றேன். எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டேன். கோணல்தான், ஆனால் என்னுடையது.

வாக்குக் கொடுத்த ஆளிடம் போய் இல்லையென்று சொல். வெட்கமென்றால் ராத்தாவுக்குப் பைத்தியம் என்று சொல், எனக்கொன்றும் குறையாது.

அப்போது கட்டிடத்தில் வேறு யார் இருந்தது என்றும் கேட்டார். மௌத்தாகிப்போன என் புருஷன், உன் மச்சானின் பேரைச் சொன்னேன், என் பேரைச் சொன்னேன். மூன்றாம் நாள், அவர்களை வெளியே அனுப்பு என்று கத்தினவன் பேரைச் சொல்லவில்லை. மறந்து அல்ல. செல்லத்தம்பியும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அப்படியும் வரும்போதெல்லாம், சின்ன முதலாளி சுகமா என்று உன்னை விசாரிப்பான். நீ ஆறு வருஷமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. கட்டிடம் போனால் அந்தப் பேச்சும் போய்விடும் என்று நினைக்கிறாய். என் தலைக்குள் இருப்பதை எந்த ஆளை வைத்து இடிப்பாய்?

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வா. செல்லத்தம்பி குடும்பத்தையும் கூப்பிட்டிருக்கிறேன். அவன் சுகம் கேட்க முந்தி நீ வாய் திறந்து கதை. அல்லாஹ் உன் நாக்குக்குப் பலம் தரட்டும்.

இப்படிக்கு
உன் ராத்தா
ஸைனம்பு